தொடாத வாரம்

தினமும் காலையில் எங்கள் ஆறு பேரின் கால்களையும் மேடம் பழம் வாங்குகிறவர் மாதிரி அழுத்திப் பார்ப்பார். காலணி அறைக்கு வெளியே ஒரு நீளமான பெஞ்சு உண்டு. ஓடி முடித்து வந்ததும் அதில் வரிசையாக உட்கார்ந்து கால்களை நீட்ட வேண்டும். எங்கள் பயிற்சியாளரான மேடம் தரையில் குந்தி, முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலை வைத்து, முன்னெலும்பு நெடுக அழுத்திக்கொண்டே கணுக்கால்வரை வருவார். எங்காவது வலித்தால் தெரிந்துவிடும். சிரித்துச் சமாளிக்கலாம் என்று நினைத்தால் நடக்காது. அவர் முகத்தைப் பார்ப்பதேயில்லை, கால்விரல்களைத்தான் பார்ப்பார். கால்விரல்களுக்கு நடிக்கத் தெரியாது.

"என்ன மேடம், பழுத்துடுச்சா?" என்று சுண்டெலி கேட்பாள். அவள் முதலாமாண்டு. எங்களில் குள்ளம், எங்களில் வாயாடி.

"இன்னும் காய்தான். நீ வாயை மூடி வெச்சாதான் பழுக்கும்."

போட்டி நடக்கும் வாரத்தில் மட்டும் அந்தக் கட்டைவிரல் வராது.

அதற்குக் காரணம் இருக்கிறது. எங்களுடையது கல்லூரிப் பெண்களுக்கான நெடுந்தூரத் தொடர் ஓட்டம். சாலையில் ஆறு பகுதி, ஆறு பெண்கள். கையில் கோல் கிடையாது. தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்கே மாட்டிக்கொள்ளும் ஒரு துணிப்பட்டை, அதில் கல்லூரியின் பெயர். ஒருத்தி கழற்றிக் கொடுக்க, அடுத்தவள் மாட்டிக்கொண்டு ஓடுவாள். ஒவ்வொரு அணிக்குப் பின்னாலும் பயிற்சியாளரின் கார் ஊர்ந்து வரும். ஓடுகிறவள் நடக்கலாம், விழலாம், தவழக்கூடச் செய்யலாம். அதுவரை பட்டைக்கு உயிர் உண்டு. பயிற்சியாளரின் கை அவள்மேல் பட்டால் அந்தக் கணத்தோடு அணியின் ஓட்டம் முடிந்தது. மிச்சமிருப்பவர்கள் ஆசைப்பட்டால் பெயரில்லாத வெள்ளைப் பட்டையோடு ஓடலாம். நேரம் குறிப்பார்கள், இடம் தரமாட்டார்கள்.

பல வருடங்களுக்கு முன்னால், போட்டிக்கு முந்தின நாள் மேடம் ஒருத்தியின் தோளைத் தட்டிக்கொடுத்தாராம். மறுநாள் அவளையே நடுவழியில் தொட்டு நிறுத்த வேண்டியதாகிவிட்டதாம். அன்றிலிருந்து போட்டி வாரத்தின் திங்கட்கிழமை முதல் அவர் எங்களில் யாரையும் தொடுவதில்லை. தண்ணீர் பாட்டிலைக்கூடக் கையில் தராமல் மேசையில் வைப்பார், நாங்கள் எடுத்துக்கொள்வோம். வழியில் எதிர்ப்பட்டால் சுவரோடு ஒட்டிக்கொள்வார். சுண்டெலி வேண்டுமென்றே இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு அவரை நோக்கி நடப்பாள். "ஏய், தள்ளிப் போடி பிசாசே!" என்று மேடம் அலறிக்கொண்டு ஓடுவதைப் பார்க்கவே நாங்கள் அந்த வாரத்துக்காகக் காத்திருப்போம்.

எனக்கு வலி ஆரம்பித்தது ஞாயிற்றுக்கிழமை மாலை.

இடது முன்னெலும்பில், நடுவுக்குச் சற்றுக் கீழே, ஒரு நாணயம் அளவுக்கு. குளியலறையில் கதவைத் தாழிட்டு, மேடம் செய்வதுபோல நானே கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். கால்விரல்கள் ஐந்தும் பூவைப்போல விரிந்தன. எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. வாளியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே யாரோ கதவைத் தட்டி, "ஒட்டகம், உள்ளேயே குடியிருக்கப் போறியா?" என்றார்கள். ஓடும்போது நான் தண்ணீர் குடிப்பதில்லை, அதனால் ஒட்டகம்.

மறுநாள் திங்கள் என்பது எனக்கு நினைவில் இருந்தது. அதுதான் இதில் மோசமானது. நினைவில் இருந்ததால்தான் கதவைத் திறந்து சிரித்தபடி வெளியே வந்தேன்.

சொல்லியிருக்கலாமே என்றால், யாரிடம்? நாங்கள் சரியாக ஆறு பேர். ஏழாவதாக இருந்தவள் இரண்டாம் மாதமே படிப்பை மாற்றிக்கொண்டு போய்விட்டாள். ஒருத்தி குறைந்தால் அணி தொடக்கக் கோட்டுக்கே வர முடியாது. முதல் எட்டு அணிகளுக்குள் வராவிட்டால் அணியைக் கலைத்துவிடுவதாகக் கல்லூரி முதல்வர் சொல்லிவிட்டார். எங்கள் விடுதி மாடியை அளக்க ஆட்கள் வந்து போனார்கள். அங்கே கணினிக் கூடம் வரப்போகிறதாம். அறைச் சுவர்களில் அவர்கள் பென்சிலால் போட்ட குறிகள் இருந்தன. என் கட்டிலுக்கு நேர் மேலே ஒன்று. படுத்தால் அதுதான் கண்ணில் படும்.

எனக்கு இது கடைசி வருடம், நான் எப்படியும் போகப் போகிறவள். சுண்டெலி அப்படியில்லை. ஓடுவதால்தான் அவளுக்குக் கல்லூரி.

"அணி போச்சுன்னா நான் எங்க அண்ணன் வீட்டுக்குத்தான்க்கா போகணும்," என்று ஒரு நாள் தசைகளை நீவிக்கொண்டே சொன்னாள். "மூணு வாண்டுங்க. அண்ணி ஒண்ணைத் தூக்கி என் இடுப்புல வெச்சான்னா அவ்வளவுதான். அப்புறம் ஓடுறதுக்கு இடுப்பு எங்க இருக்கும்?"

எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள், எல்லோருக்கும் முன்னால் நிறுத்திவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை என் அறைத்தோழி கண்டுபிடித்துவிட்டாள். அவள்தான் அணித்தலைவி. எந்தத் தூரத்தையும் ஒரே வேகத்தில் ஓடுவாள் என்பதால் கடிகாரம். விடுதிப் படிகளில் நான் இறங்குவதைக் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்குடி பின்பக்கமா இறங்குற?"

"சும்மாதான்."

"சும்மா யாராவது நண்டு மாதிரி இறங்குவாங்களா?"

நான் வாயைத் திறந்தேன். அவள் சட்டென்று கையை உயர்த்தினாள்.

"சொல்லாத. நீ சொன்னா நான் போய் மேடம்கிட்ட சொல்லியாகணும். அவங்க காதுல விழுந்தா அவங்க முதல்வர்கிட்ட சொல்லியாகணும். நான் எதையும் பாக்கல. படிக்கட்டுல வெளிச்சம் பத்தல."

காலை ஒன்பது மணி. படிக்கட்டு முழுக்க வெயில் விழுந்து கிடந்தது.

அன்றிலிருந்து அவள் எனக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தாள், நான் எப்படி நடக்கிறேன் என்று பார்க்க வேண்டியிராமல். அறையில் விளக்கை அணைக்கும்வரை சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருப்பாள். இரண்டு பேர் ஒரே பெட்டிக்குள் அடைபட்டு, மூடி திறந்துவிடக் கூடாதே என்று உள்ளிருந்தே பிடித்துக்கொண்டிருப்பது போல இருந்தது.

மேடம் என்னைக் கடந்துபோகும்போதெல்லாம் சுவரோடு ஒட்டிக்கொண்டார். ஒரு முறை காலணி அறை வாசலில் நாங்கள் இருவர் மட்டும். பெஞ்சில் உட்கார்ந்து கால்களை நீட்டியிருந்தேன், பழக்கதோஷம். அவர் நின்றார். என் கால்களைப் பார்த்தார். வலது கையின் கட்டைவிரல் தானாக அசைந்ததை நான் கவனித்தேன். பிறகு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எல்லாம் சரியா இருக்குல்ல?"

"இருக்கு மேடம்."

"நல்லது," என்றார். கேட்ட கேள்வியைவிட அந்தப் பதில் அவருக்கு அதிகம் தேவைப்பட்டது போலிருந்தது. வேகமாக அங்கிருந்து போய்விட்டார்.

அம்மா வியாழக்கிழமை பேசினாள். அவள் ஒரு மருத்துவமனையின் சலவைக் கூடத்தில் படுக்கை விரிப்புகளை மடிக்கும் வேலை பார்க்கிறாள். எதிரே ஒருத்தி நிற்க, இருவரும் விரிப்பின் நான்கு முனைகளைப் பிடித்து உதறி, நெருங்கி, மடித்து, விலகி, மறுபடியும் நெருங்க வேண்டும். போனை அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டுத்தான் பேசுவாள். குரல் அருகில் வரும், தூரம் போகும்.

"இங்க டிவி கொண்டு வந்து வெச்சிருக்காங்கடி. எங்க மேற்பார்வையாளரே ஏற்பாடு பண்ணிட்டாரு. உன்னைக் காட்டுவாங்களா?"

"முன்னாடி ஓடுறவளைத்தான்மா காட்டுவாங்க."

"அப்ப முன்னாடி ஓடேன்." எதிரே நின்றவள் சிரிப்பது கேட்டது. "ஒரு தடவையாச்சும் உன்னை அதுல பாத்துடணும். மூணு வருஷமா எல்லார் கால் முட்டியும் பாத்தாச்சு, உன் முட்டியைத் தவிர."

"பாப்போம்மா."

"குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"இல்லையே."

விரிப்பு உதறும் சத்தம் கேட்டது.

போட்டி நாளன்று நாலாவது பகுதியின் தொடக்கத்தில் நின்றேன். இருபுறமும் கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றை ஒட்டி ஆட்கள் சுவர்போல நின்றார்கள். இதுவரை கடை வாசல்கள், வங்கி, மூடிய பள்ளிக்கூடம் என்று ஏதேதோவாக இருந்த சாலை, கயிறு கட்டியதும் ஒரு நீண்ட நடைக்கூடமாகிவிட்டது. கதவுகள் இல்லாத நடைக்கூடம்.

கடிகாரம் மூன்றாவது பகுதி. ஏழாவதாக வந்தாள். கடைசித் தூரத்தில் பட்டையைத் தோளிலிருந்து கழற்றி, இரண்டு கைகளுக்கும் நடுவே இழுத்துப் பிடித்தபடி ஓடி வந்தாள். அப்படித்தான் கொடுக்க வேண்டும், சுருட்டிக் கொடுத்தால் மாட்டுவதற்குள் நேரம் போய்விடும். அந்த வாரத்தில் முதல் முறையாக என் கண்களை நேராகப் பார்த்தாள்.

"போதும்னா..." என்று ஆரம்பித்தாள். அதற்குள் பட்டை என் கைக்கு வந்துவிட்டது. நான் ஓடத் தொடங்கியிருந்தேன்.

முதலில் ஒன்றுமில்லை. ஊக்க மாத்திரை சாப்பிட்டவள் மாதிரி ஓடினேன். வலி அதன் இடத்தில் இருந்தது, நான் என் இடத்தில் இருந்தேன். கிலோமீட்டர் பலகையைத் தாண்டும்போது பின்னாலிருந்து மேடத்தின் ஒலிபெருக்கி கேட்டது. ஒவ்வொரு பலகையிலும் ஒரு முறை மட்டுமே பேச அவருக்கு அனுமதி.

"அழகா போற, ஒட்டகம். தோளை இறக்கு."

தோளை இறக்கினேன்.

மூன்றாவது பலகைக்குப் பிறகு ஓர் இறக்கம் வந்தது. அதன் அடியில், சாக்கடை மூடி ஒன்றைத் தவிர்க்க இடது காலை அகலமாக வைத்தபோது, எலும்புக்குள் ஏதோ மெதுவாக விலகியது. உடைந்தது என்று சொல்ல மாட்டேன். புத்தகத்தின் பசை விட்டுப் பக்கங்கள் பிரிவதுபோல. அடுத்த அடி வைத்தேன். அதற்கடுத்த அடி வைக்க முடியவில்லை, ஆனாலும் வைத்தேன்.

ஒரு அணி என்னைக் கடந்தது. இன்னொன்று. அந்தப் பெண்களின் மூச்சுச் சத்தம் காதருகில் வந்து போயிற்று. எட்டு என்ற எண் என்னைத் தாண்டிப் போவதைக் கிட்டத்தட்டக் கண்ணால் பார்த்தேன்.

கார் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. மேடம் இறங்கி என் பக்கத்தில் வந்துவிட்டார். நான் ஓடுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் நடந்துகொண்டிருந்தார்.

"கால்தானே?"

"ஆமா மேடம்."

"எப்போலேர்ந்து?"

"ஞாயித்துக்கிழமை."

ஞாயிறுக்கு அடுத்து எது என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. சில அடிகள் கழித்து, "தொடட்டுமா?" என்றார்.

"தொடாதீங்க."

காரின் முன்னிருக்கையில் இருந்த நடுவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "மேடம், முடிவு உங்களோடது. நான் வேடிக்கை பாக்கத்தான் வந்திருக்கேன்."

"தெரியும் சார்," என்றார் மேடம் பல்லைக் கடித்துக்கொண்டு.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் கைதட்டல் ஆரம்பித்தது. நன்றாக ஓடியபோது தட்டாதவர்கள் நொண்டத் தொடங்கியதும் தட்டினார்கள். நான் மெதுவாகப் போகப் போக அது பலத்தது. "விட்டுடாதம்மா!" என்றார் ஒருவர். "இதோ வந்துடுச்சு, வந்துடுச்சு!" என்றாள் ஒரு பெண். நல்லவர்கள்தான். ஆனால் அந்தச் சத்தத்துக்குள் நிற்க ஓரிடம் கிடைக்கவில்லை. ஓடுகிறவள் தானாக விலகவும் விதியில் வழி உண்டு, கயிற்றைத் தாண்டி வெளியே போகலாம். ஆனால் கயிறு நெடுக, தட்டிக்கொண்டிருக்கும் கைகள்.

அப்போது ஒரு மோட்டார் சைக்கிள் எனக்கு முன்னால் வந்து வேகத்தைக் குறைத்தது. பின்னால் உட்கார்ந்திருந்தவன் கேமராவை என் பக்கம் திருப்பினான். கேமரா முன்னால் ஓடுகிறவளிடம் மட்டுமல்ல, விழப்போகிறவளிடமும் வரும் என்பதை அம்மாவிடம் நான் சொல்லியிருக்கவில்லை. சலவைக் கூடத்தில் இப்போது விரிப்பின் நான்கு முனைகளும் அந்தரத்தில் நிற்கும். எதிரே நிற்பவள், "உன் பொண்ணுதானே?" என்று கேட்பாள்.

"மேடம்," என்றேன். "தொடுங்க."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. வழக்கம்போலக் கால்களைத்தான் பார்த்தார். "போதும்னு நீ சொல்லு."

"நான் சொல்ல மாட்டேன். நீங்க தொடுங்க."

"நீ சொன்னாதான் தொடுவேன்."

"சொல்ல வரல மேடம்."

"எனக்குக் கை வரலடி."

இப்படியே போனோம். இரண்டு பேரும் கதவை அந்தப் பக்கத்திலிருந்து மற்றவர் திறக்கட்டும் என்று காத்திருந்தோம். அடுத்த பகுதிக்கான கோடு தூரத்தில் தெரிந்தது. மற்ற அணிகள் எல்லாம் எங்களைக் கடந்து போய்விட்டிருந்தன; காலியான அந்தக் கோட்டில் ஒரே ஒரு சின்ன உருவம் குதித்துக்கொண்டிருந்தது. சுண்டெலி. கத்திக்கொண்டிருந்தாள், என்னவென்று கேட்கவில்லை. கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடைகூட அவளும் வர முடியாது.

விழுந்தேன். உள்ளங்கைகள் சாலையில் உரசின. எழுந்திருக்கும்போது மேடத்தின் முதுகுப்பக்கம் என் கண்ணுக்கு நேரே இருந்தது. அவர் ஒரு கையால் மற்றொரு கையின் மணிக்கட்டைப் பின்னால் பிடித்திருந்தார். பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன, பிடிபட்ட கை சிவந்திருந்தது. யாரோ கைது செய்து கூட்டிப்போவது போல. இந்த ஒரு வாரமும் அவர் இப்படித்தான் நடந்துகொண்டிருந்திருக்கிறார். நான் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்ததில் அதைக் கவனிக்கவில்லை.

கையை நீட்டி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அது சூடாக, ஈரமாக இருந்தது. கைதட்டல் ஒரு பக்கத்திலிருந்து, விளக்குகள் ஒவ்வொன்றாக அணைவது போல அடங்கியது.

"ஒரு நிமிஷம்," என்றார் நடுவர், காரிலிருந்து இறங்கிவந்து. "இப்ப யாரு யாரைத் தொட்டது? பயிற்சியாளர் ஓட்டக்காரரைத் தொட்டாத்தான் கணக்கு."

டிரைவர் அண்ணன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். "சார், புள்ளைக்குக் கால் போச்சு. ஏத்துங்க சார் முதல்ல."

மேடம் என் கையை விடாமலே சாலையில் குந்தினார். மற்றொரு கையின் கட்டைவிரலை முழங்காலுக்குக் கீழே வைத்து, எலும்பு நெடுக, தினமும் காலையில் செய்வதுபோல இறங்கி வந்தார். ஆனால் அழுத்தவில்லை. நடுவுக்குச் சற்றுக் கீழே நின்றார்.

"இங்கயா?"

"ஆமா."

"திங்கக்கிழமை தொட்டிருந்தா..." என்றார். வாக்கியத்தை முடிக்கவில்லை. பட்டையை என் தலைவழியாகக் கழற்றினார்.

போட்டியின் வாலில் வந்த மருத்துவ வண்டியிலிருந்து ஒரு மருத்துவர் ஓடி வந்து காலுக்குப் பலகை வைத்துக் கட்டினார். மருத்துவமனைக்கு எப்போது போகலாம் என்று மேடம் கேட்டார்.

"எங்க வண்டியும் உங்களுக்குப் பின்னாலதான் மேடம். சந்து பொந்தெல்லாம் அடைச்சிருக்காங்க. இந்தக் கோட்டுல வழி இல்ல, அதுக்கடுத்த கோடு வந்தாத்தான் திறப்பு. முன்னாடி ஆள் ஓடிட்டிருந்தா தாண்டவும் முடியாது."

முன்னால் ஆள் ஓடிக்கொண்டிருந்தாள். சுண்டெலிக்கு வெள்ளைப் பட்டையைக் கொடுத்துவிட்டிருந்தார்கள். வேண்டாம் என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

என்னைப் பின்னிருக்கையில் கால் நீட்டி உட்கார வைத்தார்கள். கால் மேடத்தின் மடியில் இருந்தது. அவர் கை என் கணுக்காலின் மேல் இருந்தது, எடுக்கவேயில்லை. மடித்த பட்டை எங்கள் இருவருக்கும் நடுவே கிடந்தது. ஜன்னல்களை ஏற்றியிருந்ததால் கூட்டத்தின் வாய்கள் சத்தமில்லாமல் திறந்து மூடின. வண்டி சுண்டெலியின் வேகத்தில் நகர்ந்தது. அவள் வேகம்தான் என் வேகம், அவள் முடித்தால்தான் நான் வெளியே போக முடியும். முன் கண்ணாடியில் அவளுடைய முதுகு மட்டும் தெரிந்தது. குறுக்கே எழுத்தில்லாத ஒரு வெள்ளைக் கோடு. அந்த இடுப்பில் அடுத்த வருடம் ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கும். அதை அங்கே ஏற்றியவள் நான்தான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"நல்லா ஓடுது அந்தப் பொண்ணு," என்றார் டிரைவர் அண்ணன்.

உண்மைதான். பயிற்சியில்கூட அவள் அப்படி ஓடியதில்லை. யாரும் கணக்கில் எடுக்காத ஓட்டத்தில் ஏதோ கணக்கைத் தீர்க்க வேண்டியதுபோல ஓடினாள்.

பலகை நெருங்கியது. மேடம் ஒலிபெருக்கியை எடுத்தார். வாயருகே கொண்டுபோனவர் நிறுத்தி, அதை என்னிடம் நீட்டினார். நடுவர் கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தார். எங்கள் அணிக்கு இனி மீற விதி எதுவும் மிச்சமில்லை என்று தோன்றியிருக்கும், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்தேன். ஒரு பலகைக்கு ஒரு வாக்கியம், அதை அதற்குச் செலவழித்தால் ஓடுகிறவளுக்கு என்ன பயன்? நீண்ட ஓட்டப் பயிற்சிகளில் அவள் மூச்சு வாங்கிக்கொண்டு என்னிடம் கேட்பாள்: இன்னும் எவ்வளவுக்கா? நான் ஒவ்வொரு முறையும் ஒரே பொய்யைச் சொல்வேன். ஒவ்வொரு முறையும் அவள் என்னைத் திட்டிக்கொண்டே ஓடுவாள்.

பொத்தானை அழுத்தினேன்.

"இதோ, அந்த வளைவுதான், சுண்டு."

அவள் திரும்பவில்லை. ஓடிக்கொண்டே வலது கையை மட்டும் தலைக்குமேல் தூக்கி, ஈ ஓட்டுவதுபோல இரண்டு முறை ஆட்டினாள். போக்கா, பொய்க்காரி.

டிரைவர் அண்ணன் முன்னால் எட்டிப் பார்த்தார். இரண்டு பக்கமும் கயிறு கட்டிய சாலை கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரே நேராகக் கிடந்தது.

"வளைவு எங்கம்மா இருக்கு?" என்றார்.